வியாழக்கிழமை வரும் அம்பலவாணர்

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடி வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து தபாலதிபர் அம்பலவாணர் இறங்கி வந்தது சென்ற வருடம் ஆவணி மாதத்து வியாழக்கிழமை, மாலை ஆறரை மணிக்கு. அன்று தேங்காய் ஒன்று நூற்றெண்பது ரூபா. மழை இல்லை. தலைமுடி முதல் செருப்பு வரை அவர் கறுப்பு வெள்ளையாக இருந்தார். அதில் அதிசயப்பட எதுவுமில்லை. வீட்டுக்காரி சிவக்கொழுந்து அவரை அந்தக் காலத்தில் பார்த்தது கறுப்பு வெள்ளைப் பெட்டியில்தான்.

எண்பதுகளின் நடுவில் ‘பதின்மூன்றாம் இலக்க வீடு’ என்ற நகைச்சுவைத் தொடர் வியாழன்தோறும் ஓடிய நேரத்தில் வெள்ளவத்தைத் தமிழ் வீடுகளில் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்துவிட்டு, தனக்கொரு கடிதம் வராதா என்று ஏங்குகிற தபாலதிபர் அம்பலவாணர், வாயாடி மனைவி, சொல்வழி கேளாத மூன்று பையன்கள், மொத்தம் ஐம்பத்திரண்டு பாகங்கள். ஒளிநாடாவுக்குத் தட்டுப்பாடான காலமாகையால், நிலையத்தார் அவற்றை அழித்து மேலே சமையல் நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டார்கள். பிரதி எங்குமில்லை. ஐம்பத்திரண்டையும் வசனத்தோடு மனதில் வைத்திருந்தவள் சிவக்கொழுந்து ஒருத்திதான். இருந்த வீட்டின்மேல் கத்தரிக்காய் வதக்கினால் மனிதர் வேறெங்கே போவார்?

வந்தவர் முன்விறாந்தையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் சீனி வாங்கி நக்கி நக்கி, பால் விடாத பிளேன்டி குடித்தார். அவர் வாய் திறந்தால் போதும், எங்கிருந்தென்று தெரியாமல் நூறு பேர் சிரித்தார்கள். சிவக்கொழுந்தும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எதிர்வீட்டுச் சஹ்லா என்ன சத்தம் என்று எட்டிப்பார்த்து, “ஆண்டிக்கு நல்ல சிரிப்பு வருது அங்கிள்” என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனாள். வாசல் காவலாளி மட்டும், விருந்தினர் புத்தகத்தில் பெயர் எழுதாமல் ஆள் எப்படி மேலே வந்தார் என்று சிங்களத்தில் சண்டை பிடித்தான். அடுத்த வியாழன் அம்பலவாணர் கீழே போய் ஒழுங்காகக் கையெழுத்து வைத்தார். நீலப் பேனா சாம்பல் நிறமாக எழுதியது.

வீட்டுக்காரர் தில்லைநாதனுக்குப் பொறாமை. எழுபத்து நான்கு வயதில் வந்த பொறாமை, அம்மை நோயைப் போல இளவயதில் வந்திருந்தால் லேசாகப் போயிருக்கும். அந்தத் தொடரில் ஒரு பாகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. அது ஓடிய காலத்தையும் சேர்த்து நாலு வருடம் அவர் தோஹாவில் குளிரூட்டி திருத்திக்கொண்டிருந்தார். மனைவி இரண்டு பிள்ளைகளோடு தனியே இருந்த மாலைகளைச் சிரிக்கவைத்தவன் இவன். இன்றைக்கும் வயது ஐம்பத்தைந்தாகவே இருக்கிறான். அறுபத்தொன்பது வயதுக்காரியைப் “பிள்ளை” என்று கூப்பிடுகிறான். அவளும் குழைந்து “ஓம் அண்ணை” என்கிறாள்! தில்லைநாதனும் ஒருநாள் பகிடி விட்டுப் பார்த்தார். நூறு பேரும் மௌனமாக இருந்தார்கள். ஒருவர் மட்டும் இருமினார்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாலாம் வியாழன் தில்லைநாதன் பெட்டிக்குமேல் படுக்கைவிரிப்பைப் போட்டு மூடினார். அம்பலவாணர் விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, மடித்தும் வைத்தார். ஐந்தாம் வியாழன் பெட்டியையே சஹ்லா வீட்டுக்குக் கொடுத்தார். அம்பலவாணர் வெறும் மேசைக்கு மேலிருந்து, வேட்டி நுனியைப் பிடித்தபடி பக்குவமாக இறங்கினார். இப்படியே தைப்பொங்கல் வந்தது. கனடாவிலிருந்து மகன் கார்த்திகன் தொலைபேசியில் அழைத்தபோது அம்பலவாணர் பக்கத்திலிருந்து, “தம்பிக்குக் கொப்பளிப்பான் வந்த தழும்பு இப்பவும் நெத்தியில இருக்கோ?” என்று கேட்டார். தில்லைநாதன் பிளேன்டிக் கோப்பையைக் கீழே வைத்தார். மகனுக்கு அம்மை வந்ததே அவருக்குத் தெரியாது.

சிவக்கொழுந்து அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து அவர் அம்பலவாணரைப் பிடித்துக்கொண்டார்.

“உமக்கு இதெல்லாம் ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் தோஹாவுக்கு வேலைக்குப் போன பிறகு இவையள் எங்களைப் பாத்தவை. பெட்டிக்குள்ள இருந்து நாங்களும் இவையளைப் பாத்தனாங்கள். வியாழன் எப்ப வரும் எண்டு இருப்பம். கார்த்திகன் பள்ளிக்கூடம் போகாமல் கட்டிலுக்குக் கீழ ஒளிச்சது, மகள் மிதுனா சோத்தைச் சன்னலால எறிஞ்சது... எங்கட வீட்டில எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பம்.”

தில்லைநாதன் தன் பிள்ளைகள் வளர்ந்த கதையை முழுக்கப் பார்த்தவன் முன்னால், ஒன்றுமே பார்க்காதவராக உட்கார்ந்திருந்தார். கேட்கக்கூடாதென்று நினைத்ததைக் கேட்டார்.

“அதில நான் எங்கையாவது வந்தனானோ?”

அம்பலவாணர் கையிலிருந்த மிச்சச் சீனியை நக்கி முடித்துவிட்டுச் சொன்னார்.

“ஆளைக் காணேல்லை. குரல்தான் வரும். எங்கட நாடகம் முடிஞ்சதும் பிள்ளை பெட்டியை நிப்பாட்டாமல், சத்தத்தை மட்டும் குறைச்சுப்போட்டு நீங்கள் அனுப்பின கசெற்றைப் போடுவா. காசு அனுப்பினது, காஸ் சிலிண்டரைக் கவனமாப் பூட்டச் சொன்னது, அதுகள்தான் கதைப்பியள். கதைச்சு முடிஞ்சும் நிப்பாட்டமாட்டியள். பிறகு மூச்சுச் சத்தம் மட்டும் வரும். பிள்ளை அதையும் கடைசி மட்டும் கேப்பா. ஒருநாளும் இடையில நிப்பாட்டினதில்லை. அந்த நேரம் எங்கட வீட்டில ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை. என்ர மனிசிக்கு உங்களில சரியான பொறாமை. ‘நீங்கள் எனக்காக எப்பவாவது இப்படி மூச்சு விட்டிருக்கிறியளோ’ எண்டு என்னைப் போட்டு அரிச்செடுத்தவ.”

யாரும் சிரிக்கவில்லை. அடுப்படியில் கரண்டிச் சத்தமும் நின்றிருந்தது. சிவக்கொழுந்து கதவடியில் வந்து நின்றாள். தில்லைநாதன் திரும்பிப் பார்க்காமல், “ஏனப்பா நீர் எனக்குச் சொல்லேல்லை?” என்றார்.

“நீங்கள் கேக்கேல்லையே,” என்றாள் அவள். “தோஹாவில இருந்து வந்த அண்டைக்கு, காஸ் சிலிண்டரைத்தானே முதல் பாத்தனீங்கள்.”

அதன்பிறகு தில்லைநாதனின் பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அம்பலவாணரை அவர் இன்றுவரை அண்ணை என்று கூப்பிட்டதில்லை. தன்னைவிடப் பத்தொன்பது வயது இளையவனை எப்படிக் கூப்பிடுவது? பெட்டியைச் சஹ்லா வீட்டிலிருந்து திருப்பி வாங்கவுமில்லை. ஆனால் முதல் பாகத்திலிருந்து, ஒன்றும் விடாமல், தன் வீட்டுக் கதையைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். வியாழனுக்கு ஒரு பாகம். அம்பலவாணர் சொல்ல, சிவக்கொழுந்து குறுக்கே புகுந்து திருத்துவாள். அவர்கள் இப்போது எண்பத்தாறாம் ஆண்டு சித்திரைக்கு வந்திருக்கிறார்கள். மிதுனாவுக்கு முன்பல் ஆடுகிறது. அது விழும்போது பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதால், தில்லைநாதன் வியாழக்கிழமைகளில் எங்கும் போவதில்லை.