வைக்கோல் கன்று

“அம்மா, மாயவன் வந்துட்டாம்மா” என்று கோவிந்தம்மாள் போட்ட சத்தத்தில் வாசலில் மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின.

அவள் புருஷன் முனியப்பனுக்கு வாசற்படி தாண்டக் கால் எழவில்லை. அவன் போட்டிருந்தது மச்சினன் மாயவனின் சட்டை. மழை பொய்த்ததால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன மாயவன், சாரம் சரிந்து செத்து மூன்று மாதம் ஆகிறது. மாமியார் நஞ்சம்மாள் அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுக்குச் சொல்லாமலே ஊரில் கொண்டுவந்து புதைத்துவிட்டார்கள்.

இப்போது அவளுக்குக் கண்ணும் தெரியவில்லை, வாயில் சொட்டுத் தண்ணீரும் இறங்கவில்லை. “மாயவா” என்கிற முனகல் மட்டும்தான்.

அன்று காலையில் முனியப்பன் பால் கறந்தபோது பக்கத்து வீட்டு மாதம்மாள் வேலியோரம் நின்றாள். செத்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்து அவன் நிறுத்தியிருந்ததை மாடு நக்கிக்கொண்டே பால் விட்டது.

“அஞ்சறிவு மாட்டுக்கு ஒரு பொம்ம செஞ்சு வெச்சிட்ட. பெத்தவளுக்கு ஒண்ணும் தோணலியா ஒனக்கு?”

“ஆறறிவு இருக்கறவகிட்ட எடுபடுமாக்கா?”

“கண்ணுதான் தெரியலியே. போடா.”

இப்போது படி தாண்டிப் போய், மாமியாரின் கட்டிலருகே உட்கார்ந்தான்.

“ம்மா” என்றான். கல்யாணமான நாள்முதல் அத்தை என்று மட்டுமே அழைத்த வாய்.

நஞ்சம்மாளின் கை அவன் முகத்தைத் தடவி மீசையில் நின்றது. மறுகையால் முந்தானையைத் தோள்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“எளச்சிட்டியே சாமி. சாப்புட்டியா?”

“ஆச்சும்மா. இதக் குடி.”

அவள் வாய் திறந்தாள். அரை டம்ளர் பால் இறங்கியது. அதற்குமேல் தாங்காமல் முனியப்பன் கொட்டகைக்கு ஓடி, மாட்டின் கழுத்தில் முகம் புதைத்து அழுதான். மாடு அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. வைக்கோல் கன்றையே நக்கிக்கொண்டிருந்தது.

பொழுது சாயுமுன் உயிர் பிரிந்தது.

“புள்ள கையால குடிச்சிட்டுத் திருப்தியாப் போயிட்டா, மகராசி” என்று மாதம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

முனியப்பன் தூணில் சாய்ந்திருந்தான். “சாகறவள ஏமாத்திட்டேன் கோவிந்தம்மா. நானெல்லாம் ஒரு மனுசனா.”

கடப்பாரையோடு வந்தவர்கள், குழியை எந்த இடத்தில் எடுப்பது என்று கேட்டார்கள்.

“மாமனார் பக்கத்துலதான்” என்றான் முனியப்பன்.

“வேணாங்க. மாயவன் பக்கத்துல எடுங்க” என்றாள் கோவிந்தம்மாள். “பாலக் குடிச்சிட்டு, எம்மவன் பக்கத்துல பொதச்சிடு, எனக்குத் தெரியும்னு மாப்ளகிட்ட சொல்லாத, மனசு நொந்துக்குவாருன்னு அம்மா எங்கிட்ட கேட்டுக்கிச்சு.”