கத்திக்கு முன் ஒரு பேரம்

கலவானச் சந்தைக்கு வெள்ளையம்மா வருகிறாள் என்றால் காய்கறிக்காரர்கள் நல்ல சரக்கை மேலே எடுத்து வைத்துவிடுவார்கள். சொத்தைக் கத்தரிக்காயை அவள் தலையில் கட்டியவன் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. அப்பேர்ப்பட்டவள் ஆஸ்பத்திரி கிளினிக்கில் டாக்டர் மனோகரியின் முன்னால் உட்கார்ந்ததும், "எங்கங்க கையெழுத்து வைக்கணும்?" என்றாள்.

தேயிலைத் தோட்டத்தில் அதுதான் பழக்கம். துரை நீட்டினாலும் டாக்டர் நீட்டினாலும் முதலில் கையெழுத்து. விஷயம் என்னவென்று லயத்து வீடுகளுக்குத் திரும்பிய பிறகு பேசிக்கொள்வார்கள்.

அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கி வருஷக்கணக்காகிறது. கொழுந்துப் பையைத் தலையில் மாட்டி மலையேறும்போது அடியில் ஏதோ பிதுங்கும். இடுப்பு வலி என்று சொல்லியே புருஷன் பழனியாண்டியைச் சமாளித்துவந்தாள். இப்போது நடப்பதே பாடாகிவிட்டது. வெட்டி எறிந்தால் விட்டது சனியன் என்று வந்துவிட்டாள்.

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா," என்றார் யாழ்ப்பாணத்துக்காரரான மனோகரி. "என்ன செய்யப் போறம் எண்டு தெரியாமல் கையெழுத்து வைக்கக் கூடாது."

"நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரிங்க."

கூட வந்திருந்த பழனியாண்டி சிரித்தான். "டாக்டரம்மா, ஒரு கத்தரிக்காயப் பொரட்டிப் பொரட்டிக் கடைக்காரன் உசுர வாங்குறவ, இங்க வந்து ஊமையாயிட்டா!"

"அப்ப என்னோடயும் பேரம் பேசுங்கோ." டாக்டர் மேசையிலிருந்த பிளாஸ்டிக் இடுப்பெலும்பைத் திருப்பிக் காட்டினார். நடுவில் தொட்டில் சேலை போல ஒரு சிவப்புத் தசை. "இதுதான் எல்லாத்தையும் தாங்குது. பிள்ளைப்பேறு, பாரம் எல்லாம் சேர்ந்து உங்களுக்குத் தொய்ஞ்சிட்டுது."

வெள்ளையம்மா விரலால் தொட்டாள். இத்தனை மெல்லிசா? நாலு பிள்ளையும், மழையில் நனைந்த கொழுந்தும், விறகுக்கட்டும் இதன் மேலா ஏறி நின்றன? சந்நிதித் திரை விலகினாற்போல எழுந்தே நின்றுவிட்டாள்.

"வெட்டினா திரும்ப எறங்காதுங்களா?"

"சிலருக்கு இறங்கும். பாரம் தூக்கினா அந்த ஆபத்து இன்னும் கூடும்."

"எனக்கு?"

"அதை என்னால உறுதியாச் சொல்லேலாது."

அவள் மலைத்துப்போனாள். தன் சரக்கின் சொத்தையைத் தானே திருப்பிக் காட்டுகிற ஆளை எந்தச் சந்தையிலும் அவள் கண்டதில்லை. டாக்டர் விடவுமில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு மூத்திரத் தொல்லை வரலாம், பல வாரம் பாரம் தூக்க முடியாது, ஆனால் உயிருக்கு அவசரமில்லை என்றார். வெட்டாமல் சமாளிக்க, கர்ப்பப்பையைத் தாங்கும்படி உள்ளே வைக்கும் வளையமும் தசைப் பயிற்சியும் உண்டு. வளையம் நழுவலாம், புண்ணாக்கலாம். கழற்றிக் கழுவ வந்துபோக வேண்டும்.

"உங்களுக்கு எது முக்கியம், அம்மா?"

கல்யாணத்தின்போதுகூட அவளிடம் யாரும் கேட்காத கேள்வி.

"எனக்கு மலைக்குப் போகணுங்க. இப்ப வளையம் போடுங்க. கொழுந்துப் பை பாதி நெறஞ்சதுமே எறக்கிருவேன். சரிப்படலன்னா அப்பறம் வெட்டிக்கிறேன்."

பழனியாண்டி பதறினான். "அடியே, ஆப்ரேசன்னு லயம் பூராச் சொல்லிட்டேனே! ஒன் தங்கச்சி பொட்டியோட வந்து எறங்கிட்டா!"

"வந்தவ சோறாக்கட்டும். ஒடம்பு என்னுது."

டாக்டர் வளையத்தின் அளவு பார்க்க எழுந்தார்.

"இருங்க டாக்டரம்மா," என்று கையமர்த்தினாள் வெள்ளையம்மா. "போடுறப்ப வலிக்குமா? அத நீங்க இன்னும் சொல்லலியே."