சுடுதண்ணிப் பெட்டி

சவப்பெட்டிக்குள் குனிந்து, அப்பாவின் சட்டைக் கழுத்தை இன்னொரு தடவை மேலே இழுத்துவிட்டான் மரியோ. இடது காதுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து சிவந்திருந்தது. சடலத்தை ஒப்பனை செய்த மலர்ச்சாலைக்காரர்கள் பூசிய பவுடர் அதைப் பாதிதான் மறைத்தது.

அப்பா மீன்பிடிக்கப் போன இடத்தில் மாரடைப்பு வந்து போய்விட்டார் என்றுதான் அவன் வெளியாட்களுக்கெல்லாம் சொல்லியிருந்தான். அஜக்ஸ் நகரிலிருந்து பெண்வீட்டார் வந்துகொண்டிருந்தார்கள். மீன்பிடிக்கப் போனவரின் கழுத்தில் சுடுதண்ணீர் பட்டது எப்படி என்று அவன் கட்டப்போகிற ஸ்டெபனியின் தகப்பன் கிறிஸ்துநாயகம் கேட்டுவிடக்கூடாது. அப்பா செத்துக் கிடக்கும்போது தான் அவருடைய சட்டைக் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் இழுத்துவிட்டான்.

"இஞ்சை வந்து இரு தம்பி" என்றார் அம்மா. அவர் முன்வரிசையில் செபமாலையோடு இருந்தார். பக்கத்துக் கதிரையில் தன் கைப்பையை வைத்து மகனுக்கு இடம் பிடித்திருந்தார். காலையிலிருந்து வேறு யாரையும் அதில் இருக்க விடவில்லை.

"வாறன் அம்மா."

அப்பா நீக்கிலாப்பிள்ளை உண்மையில் செத்தது பொன் எடுக்கப் போன இடத்தில். இருபத்தாறு வருடம் குழாய்த் தொழிற்சாலையில் மாரடித்து ஓய்வெடுத்த மனிதர், மற்றவர்களைப்போல மோல் கடைத்தொகுதியில் கோப்பி குடித்துக்கொண்டு நாட்டு நடப்புப் பேசியிருக்கலாம். அவரோ வடக்கே மூன்று மணித்தியாலம் வான் ஓடிப்போய், ஆற்றுக்குள் இறங்கி, மோட்டர் வைத்து அடிமணலை உறிஞ்சி, அதை அரித்துப் பொன் தேடினார். நாலு வருடத்தில் கிடைத்ததெல்லாம் ஒரு தும்மலில் பறந்துவிடும்.

அந்த ஆற்றின் குளிர் கோடையிலும் எலும்பைக் கடிக்கும். அதற்காக அவர் செய்ததுதான் சுடுதண்ணிப் பெட்டி. மோட்டரின் புகைக்குழாயைச் சுற்றிச் செப்புக் குழாயை வளைத்து, ஆற்றுத் தண்ணீரை அதற்குள்ளால் ஓடவிட்டார். சூடான தண்ணீர் அம்மாவின் பழைய புட்டுப் பானைக்குள் வந்து பச்சைத் தண்ணீரோடு கலக்கும். அங்கிருந்து பூக்கன்றுக்குத் தண்ணீர் விடும் குழாய் வழியாக அவருடைய ரப்பர் உடுப்பின் கழுத்துக்குள் இறங்கி, உடம்பெல்லாம் ஓடி, கணுக்காலால் வெளியேறும். அஜின்கோர்ட் வீட்டு வாசலில் வைத்துத்தான் சோதித்துப் பார்ப்பார். குழந்தைக்குப் பால் பார்ப்பதுபோல் மணிக்கட்டில் தண்ணீரை விட்டுப் பார்த்துவிட்டு, குழாயைக் கழுத்துக்குள் செருகிக்கொண்டு, கணுக்காலால் தண்ணீர் கொட்டக் கொட்டத் தெருவால் போகிறவர்களுக்கெல்லாம் கைகாட்டுவார். உள்ளே மரியோ யன்னல் சீலையை இழுத்து மூடுவான்.

அப்பாவோடு ஆற்றுக்குப் போகிற ஒரே ஆள் ஜெயரட்ணம். அவர் வந்து மரியோவின் கையைப் பிடித்து மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"பெட்டி இல்லாமல் இறங்க வேண்டாம் எண்டுதான் சொன்னனான் தம்பி. கேக்கேல்லை. கரையிலை அடுப்பை மூட்டி, கேத்திலிலை தண்ணி சுடவைச்சு அவரின்ரை கழுத்துக்குள்ளாலை ஊத்தினன். ஆறாவது கேத்தில் கொதிச்சுப் போச்சு. ஊத்தினாப் பிறகுதான் தெரிஞ்சது. 'சுட்டிட்டுதோ அண்ணை?' எண்டு கத்தினன். 'எனக்கொண்டும் தெரியேல்லை, இன்னும் ஊத்து' எண்டார். உடம்பு அந்தளவுக்கு விறைச்சுப் போச்சு, பிறகு எழும்பேல்லை."

கோட்டுப் பைக்குள்ளிருந்து கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தல் ஒன்றை எடுத்தார். அடியில் தண்ணீரும், தண்ணீருக்குள் நாலைந்து மினுக்கமும் கிடந்தன.

"உம்மடை பொன்னுருக்குக்கு. கடையிலை வாங்கின பவுணோட தான் எடுத்ததும் ஒரு துளி சேர்ந்து உருகவேணும் எண்டு நிண்டவர். ஆறு உறைய முந்தி இன்னும் கொஞ்சம் எடுப்பம் எண்டுதான் போனது."

மரியோ போத்தலைக் கால்சட்டைப் பைக்குள் வைத்தான். தாலிப் பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்துத்தான் உருக்குவார்கள். அதற்கு நாள் குறிக்கத்தான் செப்டெம்பரில் பெண்வீட்டார் முதன்முதலாக அவர்களுடைய வீட்டுக்கு வந்தார்கள். வருவதற்கு முதல்நாள், பெற்றோல் மணக்க, கரிபிடித்த புட்டுப் பானையோடு வாசலில் இருந்த அந்தச் சாமானைப் பார்த்ததும் மரியோவுக்கு மானம் கப்பலேறப் போகிறது என்று பயம் வந்துவிட்டது. அப்பா சந்தைக்குப் போயிருந்தார். பழைய இரும்பு எடுக்கிற இக்னேசியஸின் வான் தெருவால் வந்தது. மரியோவே கைகாட்டி மறித்து, பெட்டியைத் தூக்கி ஏற்றினான்.

"அப்பாட்டைக் கேட்டனீரோ?" என்றார் இக்னேசியஸ்.

"ஓம் அண்ணை. அவர்தான் குடுக்கச் சொன்னவர்."

ஒரு கிழமை கழித்து, சாப்பிடும்போது அப்பா சொன்னார்: இக்னேசியஸ் குப்பை என்று நினைத்து எடுத்துக்கொண்டு போய் விற்றுவிட்டாராம். அம்மா அந்த மனிதனை வாயில் வந்தபடி ஏசினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மரியோ தலையை நிமிர்த்தாமல் புட்டை விழுங்கினான். அப்பாடா என்று இருந்தது அவனுக்கு.

கிறிஸ்துநாயகம் குடும்பம் வந்து, சவப்பெட்டியருகே நின்று செபித்து, இரண்டாம் வரிசையில் இருந்தது. ஸ்டெபனி மரியோவின் கையை அழுத்தினாள். அந்த நேரம் பார்த்துத்தான் கதவைத் திறந்துகொண்டு இக்னேசியஸ் உள்ளே வந்தார். அளவில்லாத கறுப்புக் கோட்டும், கையில் ஒரு பூங்கொத்தும். சவப்பெட்டியை நோக்கி நாலடி வைத்திருப்பார்.

"நில்லும்!"

அம்மா எழுந்துவிட்டார். "என்ன முகத்தோட இஞ்சை வந்தனீர்? நாலு றாத்தல் செம்புக்கு ஆசைப்பட்டு என்ரை மனிசனைக் கொண்டுபோட்டீரே! சுடுதண்ணிப் பெட்டி இருந்திருந்தா அந்தாள் விறைச்சுச் செத்திருக்குமோ? கள்ளன்!"

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இக்னேசியஸ் வாயைத் திறந்தார். மரியோவை ஒரு முறை பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, பூங்கொத்தைக் கதவோரக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

மரியோ நின்ற இடத்திலேயே நின்றான். உண்மையைச் சொல்ல ஒரு வசனம் போதும். பின்னால் கிறிஸ்துநாயகம் மனைவியிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. பையில் கைவிட்டபோது மருந்துப் போத்தல் விரலில் பட்டது. கோட்டைக்கூட எடுக்காமல் ஓடினான்.

வாகனத் தரிப்பிடத்தில் நவம்பர்க் காற்று சட்டைக்குள் புகுந்தது. இக்னேசியஸ் வானின் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஏனண்ணை நீங்கள் சொல்லேல்லை?"

"உம்மடை அப்பாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான்." அவர் திரும்பவில்லை. "பெட்டியைத் தேடி என்னட்டை வந்தவர். வித்திட்டன் எண்டன். ஆர் தந்தது எண்டு கேட்டார். சொன்னன். பிறகு, 'நீர் தெரியாமல் எடுத்ததாவே இருக்கட்டும். தாய்க்காறி அவனோட சண்டை பிடிப்பா, கலியாண நேரம்' எண்டார். உமக்குச் சொல்லுறதிலை பிழையில்லை. உமக்குத் தெரிஞ்ச விசயம்தானே."

ஒக்டோபர் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை அப்பா புதுச் செப்புக் குழாயோடு அவனுடைய அறை வாசலில் வந்து நின்றது மரியோவுக்கு நினைவு வந்தது. "வளைக்க ஒரு கை வேணும் மரியோ. நீ ஒரு பக்கம் பிடிச்சாப் போதும்." வேலை இருக்கு என்று சொல்லி, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே அனுப்பிவிட்டான். தனியாக வளைத்ததில் குழாய் மடிந்து உடைந்துபோனது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அன்று வந்து நின்றிருக்கிறார். பிடிக்க ஆளில்லை என்றா வந்தார்? மகன் தானாகச் சொல்லட்டும் என்று ஒரு வழி திறந்துவிட வந்திருக்கிறார்.

"உள்ளுக்கை வாங்கோ அண்ணை."

"வேண்டாம் தம்பி. பெண்வீட்டுக்காரர் இருக்கினம்."

மரியோ அவருடைய கையைப் பிடித்தான். அந்தக் கை வெதுவெதுவென்று இருந்தது. அப்போதுதான் தன் கை எவ்வளவு குளிர்ந்துபோயிருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது.

அவர்கள் நடுப்பாதையால் வந்தபோது பேச்செல்லாம் நின்றது. அம்மா மறுபடி எழப் பார்த்தார்.

"அம்மா, இவர் எடுக்கேல்லை. நான்தான் தூக்கி இவரின்ரை வானிலை ஏத்தினனான். அப்பா சொன்னதெண்டு பொய் சொன்னனான்." அவனுடைய குரல் அவனுக்கே பிடிக்காத அளவு உயர்ந்தது. "ஸ்டெபனி வீட்டார் பார்த்தா வெட்கமெண்டு குடுத்தனான். அப்பா மீன்பிடிக்கவும் போகேல்லை. பொன் எடுக்கப் போனவர். அப்பாவுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் ஒண்டும் சொல்லேல்லை."

ஸ்டெபனி தலையைக் குனிந்துகொண்டாள். கிறிஸ்துநாயகம் தொண்டையைச் செருமினார்.

அம்மா மகனை வெகுநேரம் பார்த்தார். அழவில்லை, ஏசவும் இல்லை. காலையிலிருந்து காவல் வைத்திருந்த கைப்பையைப் பக்கத்துக் கதிரையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இருங்கோ இக்னேசியஸ்" என்றார்.

இக்னேசியஸ் தயங்கித் தயங்கி அந்தக் கதிரையில் இருந்தார். யாரோ செபமாலையைத் தொடங்கிவைத்தார்கள். மரியோ சவப்பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றான். அப்பாவின் சட்டைக் கழுத்து மறுபடியும் கீழே இறங்கி, வெந்த தோல் முழுவதும் வெளியே தெரிந்தது. அவன் அதைத் தொடவில்லை.