ஆனி மாதத்துக் கிணறு

சரவணைச் சந்தியில் தண்ணீர்ப்பந்தலுக்கு வைக்கும் பெரிய செம்புக் கிடாரத்தைப் புளிபோட்டு மினுக்கிக் கவிழ்த்துவிட்டு, இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக நல்லதண்ணீர்க் கிணற்றுக்கு வந்துகொண்டிருந்தாள் இலட்சுமிப்பிள்ளை. வழியில் இறைப்பு மிஷினின் சத்தம் கேட்டது. யாரோ தோட்டத்துக்கு இறைக்கிறார்கள் என்று முதலில் நினைத்தாள். ஆனி மாதத்தில் இந்த ஊரில் தோட்டத்துக்கு இறைக்கிறவன் யார் என்ற நினைப்பு உடனே வந்தது. கால் தானாக வேகம் பிடித்தது.

சத்தம் கிணற்றடியில்தான். கிணற்றுக்கட்டை உரசினாற்போல மகனுடைய வான் வண்டி நின்றது. மிஷினிலிருந்து ஒரு குழாய் கிணற்றுக்குள்ளும் இன்னொன்று வானின் வயிற்றுக்குள்ளும் போயிருந்தன. மகன் பரராசசிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாளி வாளியாகத் தண்ணீரை வீசி வானின் கூரையைக் கழுவிக்கொண்டிருந்தான். பேத்திகள் இரண்டு பேரும் வானின் பின்பக்கத்தில் தொங்கிய பூவாளி போன்ற ஒன்றின் கீழ் நின்று கூத்தாடிக் குளித்தார்கள். மிஷின் ஒருதரம் இருமியது. சேற்றைக் கக்கியது. நின்றுவிட்டது.

“அம்மா, நல்ல நேரத்துக்கு வந்திருக்கிறியள்,” என்று மகன் சிரித்தான். “டாங்கி முட்ட நிரப்பியாச்சு. இனிக் கதிர்காமம் போகுமட்டும் கவலையில்லை.”

இலட்சுமிப்பிள்ளை கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் சேறு மினுங்கியது. ஒரு தவளை போக இடமில்லாமல் கல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த வானைப் பற்றி அந்த நிமிடம்வரை அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பரராசசிங்கத்துக்குத் தெற்கே பதுளையில் புடைவைக்கடை. அணைக்கட்டு வேலைக்கு வந்து ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் அவன் வாங்கிய வான் அது. உள்ளே மெத்தைக் கட்டில், மூலையில் சமைக்கக் கையகலக் குசினி, முகம் கழுவ ஒரு குழாய், எல்லாம் இருந்தன. நயினாதீவு அம்மன் தேர் முடிந்ததும் தாயையும் ஏற்றிக்கொண்டு திருகோணமலை, கண்டி, நுவரெலியா, கதிர்காமம் என்று சுற்றி, இரவில் வானுக்குள்ளேயே படுத்தெழும்பி வருவதாகத் திட்டம். “என்ரை மகன் வீட்டைச் சில்லிலை ஏத்திக்கொண்டு வாறான்,” என்று அவள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லிவைத்திருந்தாள்.

கிணற்றின் கதை வேறு. அந்த ஒழுங்கையில் மற்றக் கிணறுகள் எல்லாம் சவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், வாயில் வைக்க ஏலாது. குடிக்கிற தண்ணீர் இந்த ஒன்றில்தான். சித்திரை பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு முறை வைத்து, சின்ன வாளியால் கையாலே அள்ளுவார்கள். பொழுதுபட்டால் ஒருவரும் கயிறு விடமாட்டார்கள். ஊற்று ஊறட்டும் என்று விட்டுவிடுவார்கள். வருசத்தில் ஒரு நாள் மட்டும் எந்த வீட்டுக்கும் முறையில்லை. அது தேருக்கு முந்தின நாள், அதாவது இந்த நாள். அன்றைக்குக் கிணற்றில் ஊறிய தண்ணீர் முழுவதும் சந்திப் பந்தலுக்கு. மறுநாள் விடியப்புறம் நயினாதீவுக்குப் படகேறக் குறிகட்டுவான் துறையை நோக்கி வெய்யிலில் நடக்கிற சனத்துக்கு அது. இலட்சுமிப்பிள்ளையும் அடுத்த வீட்டுச் சீதேவியும் கிணற்றுக்கட்டில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் அந்தத் தண்ணீரில் கைவைப்பார்கள்.

பரராசசிங்கம் பன்னிரண்டு வயதில் கடைக்குப் போனவன். அதற்குப் பிறகு ஊருக்கு வந்ததெல்லாம் தைப்பொங்கலுக்கு. தை மாதத்தில் அந்தக் கிணறு குனிந்து கையால் அள்ளுகிற மாதிரித் தளம்பி நிற்கும். ஆனி மாதத்துக் கிணற்றை அவன் வளர்ந்தபிறகு கண்டதேயில்லை.

“என்ன வேலையடா பாத்தனீ?” என்றாள் தாய்.

“ஏனம்மா? தண்ணிதானே?”

“தண்ணிதானேயோ! அதைச் சொல்ல உனக்கு வாய் கூசேல்லையே? ஆரைக் கேட்டு மிஷின் வைச்சனீ?”

“பக்கத்திலை சுருவில் ஊரிலை ஒருத்தர் வைச்சிருந்தார், கேட்டு வாங்கிக்கொண்டு வந்தனான்.”

“மிஷின்காரனைக் கேட்டனீ. கிணத்துக்காரரைக் கேட்டனியே?”

அந்த நேரம் பார்த்துச் சீதேவி வந்து சேர்ந்தாள். இடுப்பில் குடம், உள்ளங்கையில் கற்பூரம். அவள் கிணற்றைப் பார்த்தாள். நனைந்த தலையோடு வெடவெடத்து நின்ற சிறுமிகளைப் பார்த்தாள். குடத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

“பரவாயில்லை அக்கா,” என்றாள். “பிள்ளையள் வெக்கைக்குள்ளாலை வந்ததுகள். குளிக்கட்டும்.”

ஏசியிருந்தால் இலட்சுமிப்பிள்ளை தாங்கியிருப்பாள். நல்ல மனசு உள்ளவர்கள் நமக்காகச் சொல்லுகிற சமாதானம் சில நேரம் அடியைவிட நோகும். 

“நீ பேசாதை சீதேவி! பரவாயில்லையாம்! நாளைக்கு வாற சனத்துக்கு இவன்ரை வானைக் காட்டித் தாகம் தீர்க்கிறதே?”

மருமகள் மனோகரி தலை துவட்டத் துவாயோடு ஓடிவந்தாள். “மாமி, அவருக்குத் தெரியாது மாமி. தெரிஞ்சு செய்யேல்லை.”

“தெரியாதெண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. அதுதான் பத்தி எரியுது. பிறந்த ஊரிலை எப்ப தண்ணி இருக்கும், எப்ப இல்லை எண்டு தெரியாமல் ஒரு பிள்ளையை வளத்து விட்டிருக்கிறன்.”

பரராசசிங்கத்துக்கும் இப்போது வேர்த்தது. “டாங்கியிலை இருக்கிறதைப் பந்தலுக்கு எடுப்பம் அம்மா. நாங்கள் போற வழியிலை நிரப்பிக்கொள்ளலாம்.”

அது நியாயமாகத்தான் பட்டது. இலட்சுமிப்பிள்ளை வானுக்குள் ஏறிக் குழாயைத் திறந்து, கையில் ஏந்தி ஒரு மிடறு வாயில் விட்டாள். அடுத்த கணம் கதவால் தலையை நீட்டித் துப்பினாள்.

“சைக்கிள் ரியூப்பைச் சப்பின மாதிரிக் கிடக்குது! நல்ல தண்ணியைக் கெடுத்து வைச்சிருக்கிறாய். திறந்துவிடு, மாடுகளாவது குடிக்கட்டும்.”

அந்தத் தண்ணீர் மாட்டுத் தொட்டிக்குப் போனது. தொட்டி நிரம்பியதும் மிச்சம் மணலில் ஓடியது. ஓடுகிற தண்ணீரைச் சீதேவி பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அம்மா, நான் இப்பவே யாழ்ப்பாணம் போய்ப் பெட்டி பெட்டியாய்ச் சோடா ஏத்திக்கொண்டு வாறன்,” என்றான் மகன். “ஆளுக்கொரு போத்தில். சனம் சந்தோசமாய்க் குடிக்கும்.”

“சோடாவோ! விரதத்தோடை நடக்கிற கிழவிக்கு ஏப்பம் வரப்பண்ணப் போறியே? வாயை மூடடா!”

பேத்திகளில் மூத்தவள் “அப்பாச்சி, நாங்கள் இனிக் குளிக்கமாட்டம்” என்று அழத் தொடங்கினாள். அதைக் கண்டதும் கிழவியின் குரல் சற்று இறங்கியது. “நீங்கள் என்ன செய்வியள் ராசாத்தி,” என்று தன் சேலைத் தலைப்பால் அவளுடைய தலையைத் துவட்டினாள். துவட்டியபடியே மகனை முறைத்தாள்.

ஒழுங்கை முனையில் சைக்கிள் மணி கேட்டது. பக்கத்து ஊர் நாரந்தனைப் பிலிப்பு. ஊருக்கு மீன் கொண்டுவருகிறவர். அம்மனுக்குக் கொடியேறினால் தேர் முடியும்வரை மீன்பெட்டியோடு இந்தப் பக்கம் வரமாட்டார். ஒருவரும் கேட்டுச் செய்கிற காரியம் அல்ல அது. பந்தல் கட்ட வலைக்கயிறு கொண்டுவருவதற்காகத் தேருக்கு முதல் நாள் மட்டும் வெறும் சைக்கிளில் வருவார். அன்றும் தோளில் கயிற்றுச் சுருளோடு வந்தவர், கிணற்றையும் வானையும் நின்றவர்களையும் பார்த்து, கேளாமலே விளங்கிக்கொண்டார்.

“ஆச்சி, எங்கடை மாதா கோயில் கிணத்திலை கொஞ்சம் கிடக்குது,” என்றார். “பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வாங்கோ. நான் முன்னுக்குப் போய்ச் சனத்திட்டைச் சொல்லி வைக்கிறன்.”

“உங்கடை சனத்துக்கும் ஆனிதானே பிலிப்பு? அவைக்கே எப்பிடிப் போதும்?”

“எங்களுக்கும் ஆனிதான் ஆச்சி. ரெண்டு நாளைக்கு மட்டாய்க் குடிக்கிறம். வெய்யிலுக்குள்ளை நடக்கிறதுகள் பாவமெல்லே?”

இலட்சுமிப்பிள்ளை மகன் பக்கம் திரும்பினாள்.  “கேட்டியே? கேட்டுக்கொள். ஏத்து குடங்களை!”

வீட்டுக் குடங்களும் சீதேவியின் குடங்களும் பந்தல் கிடாரமும் மெத்தைக் கட்டிலில் ஏறின. மனோகரி ஒரு கணம் தன் பூப்போட்ட விரிப்பைப் பார்த்தாள். பிறகு அதைத் தானே இழுத்துச் சுருட்டி, உருளாமல் இருக்கக் குடங்களுக்கு முட்டுக் கொடுத்தாள். இலட்சுமிப்பிள்ளை அதைக் கவனித்தாள்.  ஏறும்போது மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

நாரந்தனைக் கிணற்றடியில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பிலிப்பு சொல்லியிருந்தபடியால் விலகி இடம்விட்டார்கள். பரராசசிங்கம் கயிற்றை மனோகரியின் கையில் கொடுக்கப் போக, தாய் மறித்தாள்.

“அவளில்லை. நீ அள்ளு.”

வருசக்கணக்காகச் சீலை மட்டும் அளந்த கை. பத்து வாளிக்கு முன்பே உள்ளங்கை சிவந்தது. பிறகு தோல் கழன்றது. அவன் அள்ளிக்கொண்டேயிருந்தான். வரிசையில் நின்ற ஒரு பெண், தான் அள்ளிவைத்திருந்த வாளியைக் கொண்டுவந்து கிடாரத்துக்குள் ஊற்றிவிட்டு, “தம்பிக்குப் பழக்கமில்லைப் போல,” என்று சிரித்தாள். அவளுக்கு முன்னால் இலட்சுமிப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டாள். “என்னணை இது, தண்ணிக்குப் போய்,” என்று அவள் கூச்சப்பட்டு விலகினாள்.

திரும்பும்போது கிழவி குடங்களுக்கு நடுவில் குந்தியிருந்து, இரண்டு கையாலும் இரண்டு குடங்களின் வாயைப் பொத்திக்கொண்டாள். றோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் தண்ணீர் தளம்பி மெத்தையை நனைத்தது.

“மெல்ல ஓட்டடா! உள்ளுக்கை இருக்கிறது உன்ரை சீலைக்கட்டு இல்லை!”

பேத்திகளுக்கு அழுகை எப்போதோ போய்விட்டது. ஆளுக்கொரு குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “மெல்ல ஓட்டுங்கோ அப்பா!” என்று பாட்டியைப் போலவே கத்தினார்கள். பொழுதுபடும்வரை வான் போய்ப்போய் வந்தது.

மறுநாள் விடிவதற்கு முன்பே சனம் வரத் தொடங்கிவிட்டது. காவடிக்காரர், கைக்குழந்தைக்காரிகள், வெறுங்காலோடு நடந்த கிழவர்கள். துணி சுற்றிய கையோடு பரராசசிங்கம் அகப்பையைப் பிடித்து வார்த்தான். ஒரு முதியவர் இரண்டு செம்பு குடித்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு, “தம்பி, இந்தப் புண்ணியம் உன்னைச் சேரும்,” என்றார். அவன் முகத்தில் சிரிப்பு அரும்புவதற்குள் தாயின் குரல் குறுக்கே வந்தது.

“ஐயா, புண்ணியத்தைப் பிழையான ஆளிட்டைக் குடுக்காதேங்கோ! தண்ணி நாரந்தனையாருடையது. இவர் எங்கடை கிணத்தை முடிச்சவர்.”

பந்தலில் நின்றவர்கள் சிரித்தார்கள். சீதேவி, “விடுங்கோ அக்கா, பாவம்,” என்று அவளுடைய கையைப் பிடித்தாள். பரராசசிங்கத்தின் காது சிவந்தது. ஆனால் அடுத்து வந்த பெண்ணுக்கு வார்த்தபோது அவன் தானாகவே, “நாரந்தனைத் தண்ணி அக்கா, குடியுங்கோ,” என்றான். அதற்கடுத்தவருக்கும் அப்படியே. மதியத்துக்கு மேல் கிடாரம் காயும்வரை ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்லியே வார்த்தான். அம்மன் தேரில் ஏறிய நேரம் அவன் சந்தியில்தான் நின்றான். தேர் பார்க்காமல் போன மனக்குறை அவனுக்கு இருந்திருக்கலாம். அம்மன் அவனைப் பார்த்திருப்பாள் என்றே நான் எண்ணுகிறேன்.

தீர்த்தமும் முடிந்தது. வான் புறப்படுகிற காலை வந்தது. இலட்சுமிப்பிள்ளை வரமாட்டாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். கிணற்றில் முழங்கால் அளவுகூட இன்னும் ஊறவில்லை; முறைக்கு வந்தவர்கள் அரைக்குடத்தோடு போனார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. அது பொறுக்காமல் அவள் மூன்று நாளாக மகனோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

பரராசசிங்கம் விடைபெற வந்து தாயின் காலடியில் நின்றான். “போயிட்டு வாறம் அம்மா. டாங்கி வெறுமையாய்த்தான் போகுது. வவுனியாவிலை நிரப்பிக்கொள்ளுவம்.”

இலட்சுமிப்பிள்ளை உள்ளே போனாள். கதவைச் சாத்திப் பூட்டினாள். துணிப்பையோடு வெளியே வந்து, சாவியைச் சீதேவியிடம் கொடுத்தாள்.

“அம்மா, கோபம் தீந்திட்டுதே?” என்று அவன் நம்பமாட்டாமல் கேட்டான்.

“ஆர் சொன்னது தீந்ததெண்டு? உன்ரை நுவரெலியாவைப் பாக்க எனக்கு ஆசையுமில்லை. இஞ்சை இருந்தால் நானும் அந்தக் கிணத்திலைதானே குடிக்கவேணும்? எங்கடை வீட்டு முறையைச் சீதேவிக்குக் குடுத்திட்டன். அவள் தன்ரை வீட்டுக்கும் எடுத்து, தண்ணி போதாத ஆக்களுக்கும் குடுப்பாள். கிணத்துக்கு ஒரு வாயாவது குறையட்டும்.”

“எத்தினை நாளைக்கு அம்மா?”

“ஊற்று ஊறிக் கிணறு நிமிருமட்டும். அதுவரைக்கும் நீ கொண்டுபோற இடமெல்லாம் நான் வருவன். வழி முழுக்க ஏசிக்கொண்டுதான் வருவன். கேட்டுக்கொண்டு ஓட்டு.”

மனோகரி மெத்தையில் அவளுக்கு இடம் ஒதுக்கினாள். மெத்தை இன்னும் ஈரம் காய்ந்திருக்கவில்லை. இலட்சுமிப்பிள்ளை அதிலேயே உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பேத்திகளை இழுத்து வைத்துக்கொண்டாள்.

“என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? வெய்யில் ஏறுது. எடு வானை!”