கட்டி வைத்த மூடி

நான்காவது தடவையாக அறுத்த சட்டங்களையும் சின்னவர் மேசை மேல் வைத்து மூலையோடு மூலை சேர்த்துப் பார்த்தார். வெளிப்பக்கம் ஒட்டியது, உள்பக்கம் ஒரு நகம் நுழையும் அளவுக்கு வாயைப் பிளந்தது. மாடியில் அண்ணன் படுத்திருக்கிறார், இனி எழுந்திருக்கப் போவதில்லை. மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும். ஊருக்கெல்லாம் படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிற கடையில், கடைக்காரர் படத்துக்கு ஒரு மூலை சேரமாட்டேன் என்கிறது. யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், சாவு வீடு என்பதால் வெளியே போய்ச் சிரிப்பார்கள்.

அறுக்கிற வேலைக்கு வரும் ஆள் வெளியூரில் இருந்தார். நாளைக்குத்தான் வர முடியும் என்று போனிலேயே அழுதுவிட்டு வைத்துவிட்டார்.

சின்னவர் கடையின் வாய், அண்ணன் பெரியவர் கடையின் கை. முப்பது வருஷமாக அப்படித்தான் ஓடியது. வாசலில் நிழல் விழுந்தாலே, வருகிறவர் என்ன வாங்குவார், எதைக் கேட்டுவிட்டு எதை வாங்காமல் போவார் என்று சின்னவருக்குத் தெரிந்துவிடும். சின்னதாக ஒரு சட்டம் கேட்டு வந்தவரைப் பெரியதாக ரெண்டு வாங்க வைத்து, படி இறங்கும்போது நன்றியும் சொல்ல வைப்பார். இன்று காலையில் பூ கொண்டு வந்தவரிடம்கூட, "கடைசியா என்ன சொல்றீங்க?" என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது. பூக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சின்னவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மாடிப்படியில் செருப்பில்லாத காலடி கேட்டது. அண்ணன் மகள். இருபத்தெட்டு வயது, ஏதோ அலுவலகத்தில் வேலை. இரவெல்லாம் அழுத கண் தடித்திருந்தது.

"சித்தப்பா, படம் என்னாச்சுன்னு அம்மா கேக்கறாங்க. வர்றவங்கல்லாம் வெறும் ஆணியப் பாத்துட்டு நிக்கறாங்க."

"மெஷினு முரண்டு பண்ணுதும்மா."

"மெஷினா, நீங்களா?"

அவள் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடினாள். அப்படியே அண்ணன் பார்க்கிற மாதிரி.

"கோணம் போயிருக்கு. நேத்து அப்பாவ மேல தூக்கிட்டுப் போக வழி வேணும்னு நாலு பேரு மெஷின் இருக்கற மேசைய சுவத்தோட தள்ளினாங்கல்ல, அப்ப இடிச்சிருக்கும். ஒரு வெட்டுக்கு அரை டிகிரி தப்பு. மூலைக்கு ரெண்டு வெட்டு, ஒரு டிகிரி. வாயத் திறக்காம என்ன செய்யும்?"

"நீ எப்ப இதெல்லாம் கத்துக்கிட்ட?"

"பாத்துத்தான். தொடத்தான் விட்டதில்ல."

நேற்றுச் சாயங்காலம் பெரியவர் இதே அறையில் ஒரு சட்டத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன் என்று முக்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். டாக்டர் வந்து இதயம் என்றார்.

"முதல்ல பிளக்கப் புடுங்குங்க," என்றாள் மகள்.

"சுவிட்ச் அமத்தித்தானே இருக்கு?"

"இத அப்பாகிட்ட சொல்லியிருந்தா உங்கள இந்த ரூமுக்குள்ளயே விட்டிருக்க மாட்டாரு. புடுங்குங்க."

பிடுங்கினார். அவள் சுவரில் மாட்டியிருந்த மூலைமட்டத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டு சொன்னாள், அவர் செய்தார். மெஷினின் மேசையைப் பூஜ்ஜியக் கோணத்துக்குத் திருப்பி, ரம்பத் தலையை இறக்கிப் பூட்டினார். மூலைமட்டத்தின் ஒரு கையை மரம் சாய்கிற பின்பலகையில் வைத்து, மறுகையை வட்ட ரம்பத்தில் ஒட்டினார்.

"பல்லுல வைக்காதீங்க சித்தப்பா. பல்லு வெளிய தள்ளிட்டு இருக்கும், பொய் சொல்லும். ரெண்டு பல்லுக்கு நடுவுல, தகட்டுல வைங்க."

தகட்டில் வைத்தார். பின்பலகைக்கும் மட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் ஒரு மயிரிழையாக வந்தது. நாலு திருகைத் தளர்த்தி, பலகையை உள்ளங்கையால் தட்டித் தட்டி, வெளிச்சம் போனதும் இறுக்கினார். அடுத்து தலையின் சாய்வு. இந்த மெஷினுக்கு மேசையும் திரும்பும், தலையும் சாயும். ரெண்டில் ஒன்று பிசகினாலும் மூலை சேராது. மட்டத்தை மேசை மேல் நிறுத்திப் பார்த்தார்கள். தலை நேராகத்தான் இருந்தது.

"இப்ப மூடி."

சின்னவர் கை நின்றது.

"பிடியப் புடிச்சு ஏத்தி இறக்குங்க. தலை மேல போறப்ப மூடி தானா வந்து ரம்பத்த மறைக்கணும். எப்படி வருது, சோம்பிக்கிட்டா, டக்குன்னா?"

"டக்குன்னுதான் வருது."

"இன்னொரு தரம். அப்பா காலையில பத்து தரம் பாப்பாரு. விரல் போயி அறுக்கறத விட்ட அப்புறமும், வேற ஆளு அறுக்கறதுக்காக வந்து பாப்பாரு. பாத்துட்டு அந்த ஆளுகிட்ட என்ன சொல்வாரு தெரியுமா? 'மூடி அன்னிக்கும் சரியாத்தான் இருந்துச்சுப்பா, நான்தான் சரியில்ல'ம்பாரு."

சின்னவர் பத்து தரம் ஏற்றி இறக்கினார்.

ஏழு வருஷம் ஆயிற்று. மத்தியானம், பெரியவர் மாடிக்குச் சாப்பிடப் போயிருந்தார். ஆளுயரக் கண்ணாடிக்குச் சட்டம் கேட்டு ஒருத்தர் வந்தார். மூலையை ஒட்டுப்போட்டு ஏமாற்றுகிறீர்கள் என்று சந்தேகம் அவருக்கு. என் கண் முன்னால் அறுத்துக் காட்டுங்கள் என்றார். அதற்கென்ன, வாங்க என்று சின்னவர் உள்ளே கூட்டி வந்தார். ஆனால் ரம்பத்தின் மேல் அந்த மூடி, தூசி படிந்து மங்கிப்போன பிளாஸ்டிக், எதையும் காட்டுவதாக இல்லை. கண்ணில் படாத சரக்கு விலைபோகாது என்பது சின்னவரின் கணக்கு. ஒரு துண்டுக் கட்டுக்கம்பியை எடுத்து மூடியைப் பின்னால் இழுத்துக் கட்டினார். பளபளவென்று ரம்பம் சுற்றியது, மரம் வெண்ணெய் மாதிரி அறுந்தது, வந்தவர் வாய் பிளந்தார், ஒன்றுக்கு ரெண்டாக வாங்கினார். வியாபாரம் முடிந்த குஷியில் சின்னவர் அவரோடு பேசிக்கொண்டே வாசல் வரை போனார். கம்பியை மறந்து போனார்.

பெரியவர் சாப்பிட்டு இறங்கி வந்தார். காலையில் தன் கையால் பத்து தரம் சோதித்த மெஷின். பாதியில் விட்ட சட்டத்தை வைத்து அறுத்தார், சுவிட்சை விட்டார், தலையைத் தூக்கினார். ரம்பம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மூடி வந்து மறைத்திருக்கும் என்று நம்பி, விழுந்த துண்டை எடுக்க இடது கையை நீட்டினார்.

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சின்னவர் ஓடவில்லை. அறைக் கதவைச் சாத்தினார். அண்ணன் கையைப் பிடித்திருக்க வேண்டிய நேரத்தில் இடுக்கியைப் பிடித்தார். கம்பியை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு அப்புறம்தான் ஓடினார்.

ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனார். சத்தியமாக அப்படித்தான் போனார். ஆனால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் பெரியவர் முந்திக்கொண்டார். "தப்பு என்னோடதுடா. மூடி இறங்கறதுக்குள்ள கைய விட்டுட்டேன். மெஷின யாரும் குறை சொல்லாதீங்க." அண்ணனே ஒரு விலை சொல்லிவிட்டபோது, தம்பி பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டுவிட்டார். வாழ்க்கையில் அவர் பேரம் பேசாமல் முடித்த ஒரே வியாபாரம்.

"ஏன் சித்தப்பா ஒரு மாதிரி ஆயிட்டீங்க?" என்றாள் மகள். "உக்காந்துக்கறீங்களா?"

அந்த வார்த்தை அந்த அறையில் கேட்டதும் இருவருமே முக்காலியைப் பார்த்தார்கள். அவள் வேறு பேச்சுக்குத் தாவினாள்.

"எல்லாம் முடிஞ்சதும் இந்த மெஷின வித்துடலாம் சித்தப்பா. மாமா காலையிலயே கேட்டாரு. நானும் சரின்னுட்டேன். ரெடிமேடா வாங்கி வச்சா நீங்க வித்துட மாட்டீங்களா என்ன?"

"நீ வேலைய விட்டுட்டு கடைய எடுத்துக்கறேன்னு சொன்னியே? போன மாசம்கூட..."

"சொன்னேன். அப்பா முகத்தப் பாத்தீங்கல்ல? 'வேணாம்மா, நம்ம கை மெஷினுக்கு ஆகாது. எங்கிட்ட இருக்கற கவனக்குறைவு உங்கிட்டயும் கண்டிப்பா இருக்கும்'னாரு. உயிரோட இருந்தா சண்ட போட்டு எடுத்திருப்பேன். இப்ப யாரோட சண்ட போடறது? செத்தவர் பேச்ச மீறி நான் ஒண்ணும் செய்யல."

அவள் சட்டத்துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். இன்னும் இரண்டு நிமிஷம் பேசாமல் இருந்தால் போதும், அவள் மேலே போய்விடுவாள், மெஷின் மாமாவிடம் போய்விடும், தொட்டுச் சோதிக்க இந்த உலகத்தில் ஒரு மூடிகூட மிச்சமிருக்காது. சின்னவருக்கு அது தெரிந்தது. வியாபாரிக்கு அது தெரியாமல் இருக்குமா?

"மூடி சரியா இல்ல," என்றார்.

"இப்பத்தானே டக்குன்னு வருதுன்னீங்க?"

"இப்ப இல்லம்மா. அன்னிக்கு."

அவள் நிமிர்ந்தாள். நாலு மணி நேரம் நிற்காமல் பேசக்கூடிய மனிதருக்கு அதைச் சொல்ல நாலு வாக்கியம்தான் ஆயிற்று. வாடிக்கையாளர், கம்பி, வாசல், இடுக்கி.

மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். மகள் சட்டத்துண்டுகளை மேசை மேல் வைத்தாள், ஒவ்வொன்றாக, சத்தம் வராமல்.

"தினம் பத்து தரம் பாப்பாரு சித்தப்பா."

"சொல்லிடணும், சொல்லிடணும்னுதான்..."

"எப்ப?"

சின்னவர் கீழே கிடந்த மரத்தூளைக் காலால் ஒதுக்கினார்.

"அம்மாகிட்ட நீங்களே போய் சொல்லுங்க. வண்டி வர்றதுக்கு முன்னாடி. அப்பா வீட்டுல இருக்கறப்பவே."

"அத்தன பேர் உக்காந்திருக்காங்கம்மா..."

"அத்தன பேர்கிட்டயும்தான் அப்பா 'நான் கவனமில்லாதவன்'னு சொல்லிட்டுத் திரிஞ்சாரு."

அவர் படியேறினார். கூடத்தில் அவரைப் பார்த்ததும் பேச்சு தணிந்தது. அண்ணன் தலைமாட்டில் நாற்காலியில் இருந்த ஊர்ப் பெரிய மனிதர் சட்டென்று எழுந்து, "நீங்க உக்காருங்க. உங்களுக்கில்லாத எடமா?" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தார். பின்னால் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொல்வது கேட்டது: "ராத்திரியெல்லாம் கண்ணே மூடல பாவம். அண்ணன்னா அப்படி ஒரு உசுரு." சின்னவருக்கு நாற்காலி சுட்டது. எழுந்து, தரையில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அண்ணி ஒரு டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "காலையிலேருந்து தண்ணிகூட குடிக்கல நீ."

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்."

அவள் காதருகே குனிந்து சொன்னார். மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியது, சுற்றிலும் பேச்சு.

"என்ன? சத்தமா சொல்லு. ஒண்ணும் கேக்கல."

ஆக, சத்தமாகவே சொன்னார். இரண்டாவது வாக்கியத்தில் கூடம் அடங்கிவிட்டது. யாரோ மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டார்கள், சரியாகக் கேட்கட்டும் என்று. மூன்றாவது வாக்கியத்தில் பெரிய மனிதர் சுவரைப் பார்க்கத் தொடங்கினார். சின்னவர் முடித்தபோது அவரைச் சுற்றி இரண்டடி தரை காலியாக இருந்தது.

அண்ணி அவரைப் பார்க்கவில்லை. கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கனவுலகூட சொல்லுவாரு," என்றாள், யாரிடமோ சொல்வது போல. "நான்தான், நான்தான்னு. நான் எழுப்பித் தண்ணி குடுப்பேன்."

அப்போது கீழே மெஷின் எழுந்தது. ஒரு இரைச்சல், முழு வேகம் பிடிக்கும்வரை மரத்தைத் தொடாமல் நின்றது. பிறகு இறங்கியது, மரம் அறுபடும் சத்தம் சீராக, அவசரமில்லாமல். சுவிட்ச் விட்டதும் இரைச்சல் இறங்கிக்கொண்டே வந்து, முற்றிலும் அடங்கியது. அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்கும் 'டக்' கேட்டது.

"சாவு வீட்டுல இந்த நேரத்துல யாருங்க அது?" என்றார் மாமா, எழப்போனார்.

"எம் பொண்ணு," என்றாள் அண்ணி. "அறுக்கட்டும், உக்காருங்க."

மாமா உட்கார்ந்தார்.

பெரியவரின் இடது கை போர்வைக்குள் இருந்தது. நேற்று இரவு யார் மூடினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. எப்போதும் பையிலோ துண்டுக்கடியிலோ இருந்த கை, யாரும் யோசிக்காமலே உள்ளே போயிருந்தது. அண்ணி முழங்காலில் எழுந்து அந்தப் பக்கம் நகர்ந்தாள். போர்வையை முழங்கை வரை விலக்கினாள். கட்டை விரலும் கடைசி இரண்டு விரல்களும் விறைத்துக் கிடந்தன. நடுவில் இடம் வெறுமையாக இருந்தது. விலக்கிய துணியை இரண்டாக மடித்து, அந்தக் கைக்கு அடியில் செருகி, மடிப்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டாள்.