இடது துடுப்பு

என் கணவரின் வாயில் இப்போது மிச்சமிருப்பது ஒரே ஒரு வார்த்தை. ஆமா. பசிக்கிறதா என்றால் ஆமா. வயிறு நிறைந்துவிட்டதா என்றால் அதற்கும் ஆமா. ஃபேனைப் போடவா, ஆமா, நிறுத்தவா, ஆமா. பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனபோது இந்த ஒன்றை மட்டும் எதற்கு விட்டுவைத்தது என்று எனக்கு விளங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் சட்டென்று ஆமா போட்ட மனிதர் இல்லை இவர். இப்போது வாய் ஓயாமல் போடுகிறார், காலணாப் பிரயோஜனம் இல்லை.

டாக்டர் விளக்கினார். நாம் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரிகிறதாம். அவர் சொல்ல நினைப்பதும் உள்ளே முழுசாக இருக்கிறதாம். வெளியே வரும்போதுதான் எல்லாம் அந்த ஒரே வார்த்தையாக மாறிவிடுகிறதாம். தலையாட்டுவதையும் நம்பாதீர்கள் என்றார். பிறகு எதைத்தான் நம்புவது என்று கேட்க நினைத்தேன், அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் கிரீஸும் அழுக்குமாக இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு வந்து, குளித்துச் சாப்பிட்டதும் எங்கள் சின்ன அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். வீடியோ கேம். தலை நரைத்த பிறகும் அதே பைத்தியம். மூன்று சுவரிலும் தரையிலிருந்து கூரைவரை அலமாரி, அலமாரி முழுக்கக் கேம் பெட்டிகள். நடுவில் ஒருக்களித்து நடந்தால்தான் டிவிக்குப் போக முடியும். சேலை எடுத்துக்கொடுக்கச் சொன்னால் கணக்குப் பார்க்கிற மனிதர் இதற்கு மட்டும் பார்த்ததில்லை.

அதிலும் ஓர் ஒழுங்கு உண்டா என்றால் கிடையாது. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கமே இவருக்கு இல்லை. சமையலறைக்குள் வந்துபோனால் சர்க்கரை டப்பாவின் மூடி உப்பு டப்பாவில் இருக்கும், உப்பு மூடி எங்கேயாவது ஜன்னல் ஓரத்தில் கிடக்கும். நான் வேலை செய்வது மருந்துக்கடையில், மருந்தைச் சரிபார்த்துக் கொடுக்கும் மேசையில். அங்கே முதல் பாடமே அட்டைப்பெட்டியை நம்பாதே என்பதுதான். திறந்து, உள்ளே இருக்கும் மாத்திரைப் பட்டையை வெளியே இழுத்துப் பெயரைப் படித்த பிறகுதான் கைமாற வேண்டும். அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு புருஷன். நான் கத்தினால், "எது எங்க இருக்குன்னு எல்லாம் என் தலையில இருக்கு, நீ எதுக்கு டென்ஷன் ஆகுற" என்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து ஹாலில் கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்தோம். பயிற்சி கொடுக்க ஒரு பிசியோ பெண் வந்துபோனாள். பந்தைப் பிடிங்க என்பாள், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். காலைத் தூக்குங்க என்பாள், கண்ணை மூடிக்கொள்வார். அவள் பொறுமைசாலி. ஒரு நாள் அவளும் கையை உதறிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, உடம்பு ஒத்துழைக்கணும்னா மனசு ஏதாவது ஒண்ணுல ஒட்டணும். இப்ப விட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம். அவருக்கு எதுல ஆசை? ஏற்கெனவே தெரிஞ்சதா இருக்கணும், ஒத்தைக் கையால செய்யறதா இருக்கணும், கூட ஒரு ஆள் இருந்தா இன்னும் நல்லது."

நான் யோசிப்பதற்குள் என் மகள் குறுக்கே வந்தாள். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம் படிக்கிறாள், அப்பா செல்லம். "படகு கேம். நானும் அப்பாவும் ஆடுறது. ஆளுக்கு ஒரு துடுப்பு. அப்பாவுக்கு எப்பவும் இடதுதான். ஒரு கட்டைவிரல் போதும்க்கா."

அதை நானும் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு படகு, இரண்டு பேர். ஒருவர் அவசரப்பட்டாலும் படகு நின்ற இடத்திலேயே சுற்றும். ஆற்றில் கிளம்பிக் கடலுக்குப் போய்ச் சேர வேண்டும். வருடக்கணக்காகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், கடல் வந்தபாடில்லை. இவர் மகளைக் "கேப்டன்" என்பார். "கேப்டன், பாறை. கேப்டன், மெதுவா." என்னிடம் பேசும்போது வராத குழைவெல்லாம் அங்கே வரும்.

மகள் அதைச் சொல்லி முடித்ததும் இவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். "ஆமா" என்றார். சும்மா வரும் ஆமா இல்லை அது. எனக்குக் குப்பென்று கண் நிறைந்துவிட்டது. பிசியோ பெண்ணும் பார்த்தாள். "இதை விட்டுராதீங்கக்கா" என்றாள்.

கேம் மெஷினும் டிவியும் இருப்பது சின்ன அறையில். சக்கர நாற்காலி உள்ளே போகாது. போதாததற்கு, ஏற்றி இறக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றைச் சொல்லி வைத்திருந்தோம், அதைப் போடவும் வேறு இடம் இல்லை. ஆக அலமாரி போக வேண்டும். ஒரு செருப்புப் பெட்டியில் அடங்கும் அளவுக்கு வைத்துக்கொண்டு மீதியைப் பழைய கேம் வாங்கும் கடைக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

இவ்வளவு நாள் இந்தக் குப்பை எப்போது ஒழியும் என்று திட்டிக்கொண்டிருந்தவள் நான். ஒழிக்கப் போனால் கை ஓடவில்லை. அவருடையதை அவர் கண்ணெதிரே அள்ளிக் கொடுப்பதாவது. சக்கர நாற்காலியை அறை வாசலில் நிறுத்தி, ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டேன்.

"என்னங்க, இது வேணுமா?"

"ஆமா."

"குடுத்துரலாமா?"

"ஆமா."

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கடைசியில் மகள்தான் ஒரு வழி சொன்னாள். ஒற்றைக் கையால் ஆட முடிவது மட்டும் இருக்கட்டும், மற்றது போகட்டும். படகு கேமின் பெட்டியை முதல் ஆளாகச் செருப்புப் பெட்டிக்குள் வைத்தாள். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை, அதனால் திறந்தும் பார்க்கவில்லை. பிறகு தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தாள். "ரெண்டு கை. ரெண்டு கை. இதுவும் ரெண்டு கை." கொடுக்க வேண்டிய பக்கம் இடுப்புயரத்துக்கு வளர்ந்தது. செருப்புப் பெட்டியில் பாதிகூட நிறையவில்லை. எல்லாம் இரண்டு கை மனிதர்களுக்காகச் செய்தவை என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. மகளின் குரல் போகப்போக உள்ளே இறங்கிவிட்டது. கடைசியில் சொல்வதை நிறுத்திவிட்டு வெறுமனே அடுக்கினாள்.

இவர் இடது கையை நீட்டி ஏதேதோ பிடித்தார். முதலில் நான் அதை மதித்தேன், பிடித்ததை வைத்துக்கொண்டேன். ஆனால் தண்ணீர் பாட்டிலையும் பிடித்தார், என் முந்தானையையும் பிடித்தார், விளக்குமாற்றையும் விடவில்லை. இதை எங்கே போய்ச் சொல்ல. பிடிப்பதற்கும் ஆமாவுக்கும் ஒரே மதிப்புதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அதற்குள் கடைக்காரர் வந்துவிட்டார். மூக்கின் நுனியில் கண்ணாடி, பின்னால் காலி அட்டைப்பெட்டிகள். நல்ல விலை போகும் பெட்டிகளை மட்டும் திறந்து, டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் கீறல் பார்த்தார். ஃபுட்பால் கேம்கள் ஒரு வரிசை இருந்தன, வருடத்துக்கு ஒன்றாக. அவற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் பழைய காலண்டர் மாதிரி மேடம். புதுசு வந்துட்டா யாரும் சீண்ட மாட்டாங்க. இடத்தை அடைக்குமேன்னு வேணா சேர்த்து எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

நான் அந்த வரிசையை அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டு நாற்காலியைத் தாண்டும்போது இவர் கை நீண்டது. மேலே இருந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார். மூலையில் அட்டை கிழிந்த ஒரு ஃபுட்பால் பெட்டி.

"ஆமா" என்றார்.

"இது ரெண்டு கைங்க. ஃபுட்பால்."

"ஆமா. ஆமா."

"அவர் காத்திட்டிருக்காருல்ல. விடுங்க."

விடவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது, ஆமா ஆமா ஆமா என்று மூச்சு விடாமல் சொன்னார். காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்து எனக்கு இடுப்பு கழன்றுகொண்டிருந்தது. மத்தியானம் மருந்துக்கடைக்கு வேறு போக வேண்டும். "குழந்தை மாதிரி அடம் பிடிக்காதீங்க" என்று சொல்லி, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெட்டியை எடுத்தேன். அந்தக் கையில் இவ்வளவு வலு இருக்கிறதே என்று சந்தோஷம்கூடப் பட்டேன். அட்டைப்பெட்டியில் போட்டேன். கடைக்காரர் டேப் ஒட்டினார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அலமாரியைக் கழற்றி, சுவரைத் துடைத்து, கட்டிலைப் போட இன்னும் சில நாள் ஆயிற்று. அன்று பிசியோ பெண்ணும் இருந்தாள். இவரைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, இடது கைக்கு எட்டும்படி கேம் ரிமோட்டை மடியில் வைத்து ஒரு தலையணையால் முட்டுக் கொடுத்தோம். மகள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "அப்பா, அருவிக்குக் கீழ மாட்டிட்டு நிக்கறோம், ஞாபகம் இருக்கா" என்றபடி செருப்புப் பெட்டியிலிருந்து படகு கேமை எடுத்துத் திறந்தாள்.

உள்ளே ஒன்றும் இல்லை. நடுவில் டிஸ்க்கைப் பிடிக்கும் அந்தச் சின்னக் குமிழ் மட்டும் இருந்தது.

"மெஷின்லயே இருக்கும்" என்றாள் மகள். பட்டனை அழுத்தினாள். மெஷின் முனகிக்கொண்டு ஒரு டிஸ்க்கை வெளியே தள்ளியது. அதில் பந்தை உதைக்கும் ஒரு கால் இருந்தது. ஃபுட்பால்.

அவள் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, எனக்குப் புரிந்துவிட்டது. விழுவதற்கு முந்தின ராத்திரி மகள் தூங்கப் போன பிறகு, படகை வெளியே எடுத்திருக்கிறார். ஃபுட்பாலை உள்ளே போட்டிருக்கிறார். கையில் இருந்த படகு டிஸ்க்கை, எதிரே திறந்து கிடந்த ஃபுட்பால் பெட்டியிலேயே வைத்து மூடிவிட்டார். சர்க்கரை மூடி, உப்பு டப்பா. எது எங்கே இருக்கிறது என்பது அவர் தலையில் இருந்தது. கடைசிவரை சரியாகத்தான் இருந்தது.

நானும் மகளும் போட்டது போட்டபடி அந்தக் கேம் கடைக்கு ஓடினோம். கண்ணாடிக் கதவு, உள்ளே நெருக்கமான ரேக்குகள், பின்னால் ஒரு மூலையில் காலிப் பெட்டிகள் மலைபோல. மகள் அதில் போய் விழுந்து தேடினாள். மூலை கிழிந்த பெட்டி கிடைத்தது. ஆட்டிப் பார்த்தாள், சத்தமில்லை.

கடைக்காரர் நல்ல மனிதர்தான், அதையும் சொல்ல வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ஃபுட்பால் பெட்டின்னா நாங்க பார்க்கறதில்ல மேடம். பெட்டி நல்லாயிருந்தா வேற கேமுக்கு ஆகும்னு டிஸ்க்கைத் தட்டி மூட்டைல போட்டுருவோம். பிளாஸ்டிக் எடுக்கற வண்டி முந்தாநாள் வந்துட்டுப் போயிருச்சு."

"எங்க போகும் அந்த வண்டி?"

"அரைக்கற இடத்துக்கு."

மகள் கேட்டாள், வேறொன்று கிடைக்குமா என்று. அவர் உதட்டைப் பிதுக்கினார். அதைச் செய்த கம்பெனியை இழுத்து மூடியாயிற்றாம். டிஸ்க்கே கொஞ்சம்தான் அடித்தார்களாம். அந்தப் பழைய மெஷினுக்கு இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் வழியையும் அடைத்துவிட்டார்களாம். "நான் இத்தனை வருஷத்துல ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன். அதைத் தேடி வர்றவங்க நம்பர் எழுதி வச்சுட்டுப் போறாங்க. உங்க நம்பரும் குடுத்துட்டுப் போங்க" என்றார். கொடுத்தோம். திரும்பி வரும் வழியெல்லாம் மகள் அந்தக் காலிப் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும்.

வேறு கேம்களைப் போட்டுப் பார்த்தோம். செருப்புப் பெட்டியில் இருந்த ஒற்றைக் கை விளையாட்டுகள் எல்லாம். காய்களை நகர்த்துவது, சீட்டு அடுக்குவது. மகள் அவர் கட்டைவிரலைப் பிடித்து நகர்த்திக் காட்டினாள். அவர் கையை உருவிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார். பிசியோ பெண் இப்போதும் வருகிறாள், பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நேற்று மகள் டியூஷனுக்குப் போன பிறகு கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் இடது கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த விரல்களைத்தான் நான் பிரித்தேன்.

"நீங்க சொன்னீங்கல்ல. அந்தப் பெட்டிதான்னு சொன்னீங்க. நான்தான் கேக்கல."

"ஆமா" என்றார்.

இந்த ஒன்றாவது உண்மை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"என் மேல கோவமா?"

"ஆமா."

"கோவமெல்லாம் இல்லதானே?"

அவர் என் முகத்தையே பார்த்தார். உதடு என்னென்னவோ செய்தது. உள்ளே ஏதோ ஒன்று முழுசாக இருந்தது, வெளியே வரப் படாத பாடு பட்டது.

"ஆமா" என்றார்.