அரை மீட்டர் ஆழத்தில் ஆரஞ்சுத் தோல்

எதையும் நோண்டாமல் விடமாட்டேன். பிறவிக்குணம், என்ன செய்ய? அன்றைக்கும் சோதனை முடிந்த பிறகு பனிக்குழிக்குள்ளேயே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"போதும்டி டெஸ், பனிக்கு வலிக்கப் போகுது," என்றான் அண்ணன் வெண்டல்.

போன வாரம், வானம் தெளிந்த இரவுகளில், செல்கர்க் மலை முழுக்க, பனியின் மேல் இறகுபோல் படியும் பனிப்பூ முளைத்திருந்தது. திங்களிலிருந்து புதுப்பனி கொட்டி அதை மூடிவிட்டது. அடியில் பனிப்பூ கிடந்தால் மேலே இருப்பது ஒட்டாது. ஆள் ஏறினால் சரிவு மொத்தமும் கழன்று வரும். அதைப் பார்க்கத்தான் நானும் அண்ணனும் மரங்களுக்குள் சுற்றி, சரிவின் மேல் விளிம்பில் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு வந்து குழி தோண்டினோம். பனியைத் தூண்போல அறுத்து, அதன்மேல் மண்வெட்டியை வைத்துத் தட்டினோம். மணிக்கட்டை அசைத்துப் பத்து, முழங்கையை அசைத்துப் பத்து, தோளிலிருந்து ஓங்கிப் பத்து. தூண் அசையவே இல்லை, சரிவு தாங்கும் என்று நினைத்தோம். கீழே மர ஓரத்தில் காத்திருந்த அண்ணன் மகள் கொரினுக்கு வாக்கி டாக்கியில், "வா," என்றேன். அவள் சறுக்குக் கட்டைகளோடு சரிவைக் குறுக்கே கடக்கத் தொடங்கினாள்.

சரி, பனிப்பூ எங்கே போயிற்று? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. குழிச்சுவரைத் தூரிகையால் துடைத்துக்கொண்டே வந்தேன். அரை மீட்டர் ஆழத்தில் ஏதோ ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தது. நகத்தால் கிள்ளி எடுத்தேன். ஆரஞ்சுத் தோல்.

"இது நீ போட்டதா?"

"சனிக்கிழமை டீ குடிச்சப்போ போட்டிருப்பேன். அதுக்கு இப்ப என்ன?"

சொல்லும்போதே அவன் முகம் வெளுத்தது. சனிக்கிழமை மூன்று பேரும் இதே இடத்தில் அரை மணி நேரம் நின்று அரட்டை அடித்தோம். இங்கிருந்த பனிப்பூவை எங்கள் கால்களே மிதித்து நசுக்கியிருந்தன. சரிவில் யார் மிதித்தார்கள்? அங்கே அது நசுங்காமல் அடியில் கிடக்கும்.

"கொரின், நில்லு."

"பாதி வந்துட்டேன் அத்தை. என்னாச்சு?"

அண்ணன் விளிம்போரமாகப் பத்தடி தள்ளி, மிதிபடாத பனியில், வெறிபிடித்தவன்போல் தோண்டி அறுத்தான். பதினோராவது தட்டில் தூண் இழுப்பறைபோல வழுக்கிக்கொண்டு வந்தது. அவன் என்னைப் பார்த்தான்.

"அத்தை, முன்னாடி வரவா, பின்னாடி போகவா?"

"வந்த தடத்துலயே திரும்பு. குதிக்காத, மெதுவா."

அவள் ஒரு கட்டையைத் தூக்கித் திருப்பி வைத்தாள். பிறகு மற்றதை. ஒவ்வோர் அடிக்கும் அண்ணன் உதடு அசைந்தது. பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். அவள் மரங்களுக்குள் போய்ச் சேர்ந்ததும் அண்ணன் பனியிலேயே உட்கார்ந்து அழுதான். சரிவு அப்படியே கிடந்தது.

"விழுந்திருக்குமா அத்தை?" வாக்கி டாக்கியில் கொரின் கேட்டாள்.

"தெரியல. தப்பான இடத்துல தோண்டிட்டு உன்னை வரச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

"நீங்க வான்னதும் வந்துட்டேன். எங்க தோண்டினீங்கன்னுகூட கேக்கல," என்றாள். "இனிமே கேப்பேன்."

"கேளு," என்றேன்.